குழந்தை தாமதமா? கணவருக்கும் டெஸ்ட் அவசியம்: ஸ்பெஷலிஸ்ட் டாக்டரிடம் எப்போது போகணும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணமாகி ஆறு மாசம் தாண்டினாலே "என்ன, விசேஷம் எதுவும் இல்லையா?" என்ற கேள்வி ஆரம்பித்து விடுகிறது. கேட்பது பெரும்பாலும் மருமகளிடம்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோவில் வேண்டுதல் எல்லாம் அவருக்கே. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று கணவர் ஒதுங்கி விடுகிறார். ஆனால் குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. தாம்பத்யத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு வருடக் கணக்கு

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவருமே டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே போய்விட வேண்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில்தான் இந்தக் கணக்கு குழம்புகிறது. கல்யாணமாகி நாலு வருஷம் என்பார்கள். சேர்ந்து இருந்தது நாலு மாசமாக இருக்கும். இப்படிப்பட்டவர்கள் டெஸ்ட்டை லீவின் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், வந்த உடனே எடுப்பது நல்லது.

யார் காத்திருக்கக் கூடாது?

சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்கள், குடலிறக்க ஆபரேஷன் செய்தவர்கள், வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்கள், புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள், விறைப்பிலோ விந்து வெளியேறுவதிலோ சிரமம் உள்ளவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. விதைப்பையில் புழு சுருண்டது போல நரம்பு தடித்திருந்தால் அது வெரிகோசில். தேவைப்பட்டால் ஆபரேஷனில் சரி செய்யலாம். விதையில் வலியில்லாத கட்டி தென்பட்டால் குழந்தைப் பிரச்சினையை விடுங்கள், உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற இளைஞர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுவிடக் கூடும். டாக்டரிடம் இதை மறைக்கக் கூடாது. சிமெண்ட் ஆலையில் சூளை அருகே வேலை, லாரி ஓட்டுவது, பருத்திக்கு மருந்தடிப்பது இதையும் சொல்லணும். அதிக சூடும் பூச்சிமருந்தும் விந்தணுவைப் பாதிக்கும்.

டெஸ்ட் எப்படி?

2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருந்து, லேப் தரும் டப்பாவில் விந்து சேகரிக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து விடணும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு என்பது குறைந்தபட்ச அளவு. குறைந்தால் பதற வேண்டாம். விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், முன்பு வந்த காய்ச்சல்கூட ரிசல்ட்டைக் குறைத்துக் காட்டும். மறுபடி டெஸ்ட் எடுத்தும் குறைவாகவே இருந்தால் யூராலஜி டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

முதலில் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சீட்டு கேட்டு வாங்கலாம். லாட்ஜில் ரூம் போட்டு "48 நாளில் கேரண்டி" என்பவர்களிடம் கொடுக்கும் பணம் திரும்பாது, அதைவிட மனைவியின் வயது திரும்பாது.

விந்தணு பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தாலும் கதை முடியவில்லை. வழியில் அடைப்பு என்றால் விதையிலிருந்தே விந்தணுவை எடுத்து, 1992-ல் பெல்ஜியத்தில் வெற்றி கண்ட இக்சி முறையில் கரு உண்டாக்க முடியும். இந்தச் சிகிச்சை தரும் மையங்கள் 2021-ம் ஆண்டு சட்டப்படி அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம்.