ஆசிரியர் பயிற்சியின் கதை: திண்ணை முதல் பாடக்குறிப்பு வரை

முன்னுரை

ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் இரவு கண்விழித்து எழுதுவது பாடக்குறிப்பு. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அது எங்கிருந்து, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் எழுதும் விதமே மாறிவிடும்.

திண்ணையிலிருந்து இங்கிலாந்துக்கு

அக்காலத் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். மணலில் விரலால் எழுதிப் பழகியபின் ஓலைக்குப் போவார்கள். எண்சுவடியை மனப்பாடம் செய்வார்கள். முன்னே படித்த பிள்ளை சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்தார்கள். உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-ல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இம்முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர்.

ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. சட்டாம்பிள்ளையால் தனக்குச் சொல்லித் தந்ததைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அவனிடம் பதில் இல்லை.

மன்றோவின் கணக்கு

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. தேர்ந்த ஆசிரியர்களும் அவர்களுக்கு ஏற்ற ஊதியமும் இல்லாமல் கல்வி முன்னேறாது என்று 1826-ல் மன்றோ எழுதினார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் திட்டமிட்டார். மறு ஆண்டே காலராவில் இறந்து போனார். அவர் தொடங்கிய பள்ளிகள் 1836-ல் கைவிடப்பட்டன.

சைதாப்பேட்டையும் ஐந்து படிகளும்

1854-ல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, ஆசிரியர் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்றது. 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது.

பாடக்குறிப்பின் வேர் ஜெர்மனியில் உள்ளது. ஹெர்பார்ட்டின் (1776-1841) கருத்துகளை அவருடைய சீடர்கள் ஐந்து படிகளாக்கினர்:

1. ஆயத்தம்
2. எடுத்துரைத்தல்
3. ஒப்பிடுதல்
4. பொதுமையாக்கல்
5. செயற்படுத்துதல்

இதில் முதல் படியே முக்கியம். பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்குவதே ஆயத்தம். இன்னொருவர் நோட்டிலிருந்து எழுதும்போது முதலில் காணாமல் போவதும் இதுதான்.

முள்ளுக்குறிச்சியில் எழுதும் குறிப்பு

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது முள்ளுக்குறிச்சி. மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி இங்கே உண்டு. இங்கு கற்பித்தல் பயிற்சிக்கு வரும் ஒரு மாணவ ஆசிரியர், 'போக்குவரத்து' பாடத்துக்கு ரயில் நிலையத்தைச் சொல்லி ஆயத்தம் செய்தால் பலருக்குப் புரியாமல் போகலாம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து தொடங்கினால் வகுப்பே பேசும். எனவே முதல் இரண்டு நாள் பிள்ளைகளோடு பேசிப் பழகிவிட்டுக் குறிப்பு எழுதுவது நல்லது.

மலையூர்த் தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைப் பார்க்க வேண்டியும் வரும். இது பழைய திண்ணைச் சிக்கல்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் குழுக்களையும் கொண்டு இதற்கு வழி தேடியது. ஒரு குழு தானே செய்ய என்ன வேலை, இன்னொரு குழுவுக்கு ஆசிரியர் எத்தனை நிமிடம் என்பதைக் குறிப்பில் தனித்தனியே எழுதிக்கொண்டால் நேரம் வீணாகாது. மூத்த பிள்ளை இளையவனுக்கு உதவலாம். ஆனால் புரிந்ததா என்று பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு.

முடிவுரை

பெல் ஒரு தெருப் பள்ளியைப் பார்த்துக் கற்றார். மன்றோ எண்ணிப் பார்த்துக் குறையை அறிந்தார். ஹெர்பார்ட் பிள்ளையின் மனதிலிருந்து தொடங்கச் சொன்னார். மூவரும் முதலில் செய்தது, எதிரே இருப்பதைக் கவனித்ததுதான். மாணவ ஆசிரியரின் பாடக்குறிப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.