ஆற்றுப்படை டாட் காம்

வல்வில் ஓரியை உங்களுக்குத் தெரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவர். கொல்லிமலைக்காரர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்த வில்லாளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் அரசாங்கமே மலைமேல் அவருக்கு விழா எடுக்கிறது.

அந்த ஓரிக்கும், இன்டர்நெட்டில் எழுதிப் பணம் சம்பாதிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஓரி உள்பட ஏழு வள்ளல்களையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்துகிற சங்க நூல் ஒன்று உண்டு. சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று. கூத்தாடுகிற கோடியர்களுக்கு ஓரி நாட்டையே தூக்கிக் கொடுத்த விஷயம் அதில்தான் வருகிறது. ஆனால் அந்த நூலின் ஹீரோ ஓரி அல்ல. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனிடம் போய்ப் பரிசு வாங்கி வந்த ஒரு பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி, 'இப்படிப் போ, அந்த ஊரைத் தாண்டு, அங்கே இன்னார் இருக்கிறார், நிச்சயம் கொடுப்பார்' என்று வழி சொல்கிறான். ஆற்றுப்படை என்றால் அதுதான். ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படை.

சும்மா வழி மட்டும் சொல்லவில்லை. கடலோரத்து எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் மீன் கிடைக்கும், ஆமூரில் உழவர் வீட்டில் சோறும் நண்டும் கிடைக்கும் என்று ஊர் ஊராக மெனு கார்டு வேறு. பயணக் கட்டுரை, ஹோட்டல் விமர்சனம், சிபாரிசு, மூன்றும் ஒரே பாட்டில்!

இதே வகையில் மலைபடுகடாம் என்று இன்னொன்று. 583 அடி. நன்னனின் மலைநாட்டுக்குப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற நூல். அதில் ஒரு விசேஷம், ஆபத்துகளையும் சொல்லிவிடுவார்கள். தினைப்புனத்துக் காவல்காரன் யானையை விரட்டக் கவண்கல் வீசுவான், உன்மேல் பட்டுவிடப் போகிறது. பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபிறகு கிளம்பு. பாம்பு இருக்கும். பாறை வழுக்கும்.

பரிசு கிடைக்கும் என்று சொல்கிற அதே வாய், பாறை வழுக்கும் என்றும் சொல்கிறது. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, இப்படி வழி சொன்ன பாணனுக்கு என்ன லாபம்?

ஒன்றும் கிடையாது. 'நீ அனுப்பி வைத்த ஆளுக்கு நான் கொடுத்ததில் நூற்றுக்கு ஐந்து உனக்கு' என்று நல்லியக்கோடன் எழுதித் தரவில்லை. பசித்தவனுக்குப் பசி தீர்ந்தவன் சொல்கிற யோசனை. அவ்வளவுதான்.

அதற்காகத் தரகு என்பது நமக்குத் தெரியாத சமாசாரம் என்று அர்த்தமில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு சங்கடம். அவர் அங்கே இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தரகு இல்லை.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்ததுதான் கம்ப்யூட்டர்.

1989ம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் டோபின் என்பவர் ப்ராடிஜி என்ற கம்ப்யூட்டர் வலைப்பின்னல் மூலமாகப் பூ விற்க ஆரம்பித்தார். பூக்கடைதான். ஆனால், ஆள் அனுப்பி வைக்கிறவருக்குப் பங்கு கொடுக்கிற யோசனை அவருக்குத் தோன்றியது. 1994ல் சிடிநவ் என்ற நிறுவனம் இசைத்தட்டு விற்பனையில் இதே வேலையைச் செய்தது. பாட்டு விமர்சனம் எழுதுகிற இணையத்தளத்திலிருந்து வாசகர் நேராகக் கடைக்கு வந்து வாங்கினால், விமர்சகருக்கு ஒரு பங்கு.

1996 ஜூலையில் அமேசான் இந்தக் களத்தில் குதித்தது. அப்போது அது வெறும் புத்தகக் கடை. விவாகரத்து பற்றி எழுதுகிற ஒரு பெண்மணி விருந்தொன்றில் அமேசான் அதிபர் ஜெஃப் பேஸோஸைச் சந்தித்து, 'என் தளத்தில் விவாகரத்துப் புத்தகங்களைச் சிபாரிசு செய்கிறேன், விற்றுத் தருகிறாயா?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதையில் விஷயம் இருக்கிறது. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் அந்த அம்மாள் சிபாரிசு செய்யவில்லை. விவாகரத்து. அது மட்டும்.

இதைத்தான் ஆங்கிலத்தில் 'நிஷ்' என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், 'அது மட்டும் கிடைக்கும் கடை'. அப்படிச் சிபாரிசு செய்து பங்கு வாங்குவதற்குப் பெயர் அஃபிலியேட் மார்க்கெட்டிங்.

எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் கொல்லிமலைச் சாமை பற்றி எழுதுகிறீர்கள். கீழே கடைக்கு ஒரு சுட்டி. அதை வாசகர் தொட்டதும், அவரது கணினியில் 'குக்கி' என்ற ஒரு சின்னச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். இந்த ஆள் உங்கள் வழியாக வந்தவர் என்பதற்கு அடையாளம். அமேசானில் அந்தச் சீட்டுக்கு ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். அதற்குள் அவர் வாங்கினால் உங்களுக்குப் பங்கு.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று வையுங்கள். ஐம்பது பேர் சுட்டியைத் தொடுகிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கு 500 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். பங்கு ஐந்து சதவீதம். உங்களுக்கு எவ்வளவு?

ஐம்பது ரூபாய்.

ஆயிரம் பேர் படித்ததற்கு ஐம்பது ரூபாய்! டீக்கும் வடைக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் நாளைக்கு ஒரு லட்சம் பேர் படித்தால்? அந்த 'ஆனால்'தான் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களை ராத்திரி கண்விழிக்க வைத்தது.

1999ல் பிளாகர் வந்தது. டைப் அடிக்கத் தெரிந்தால் போதும், இணையத்தில் பக்கம் வைத்துக்கொள்ளலாம், காலணா செலவில்லை. 2003 பிப்ரவரியில் அதை கூகுள் வாங்கியது. அதே வருஷம் ஜூனில் ஆட்சென்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எழுதுகிறவர் பக்கத்தில் கூகுளே விளம்பரம் போட்டு, வருமானத்தில் பங்கு கொடுக்கும். இந்தியாவில் அமித் அகர்வால் என்ற இளைஞர் வேலையை விட்டுவிட்டு, 2004ல் ஆக்ராவில் உட்கார்ந்துகொண்டு தொழில்நுட்பம் பற்றி எழுத ஆரம்பித்தார். நாட்டின் முதல் முழுநேரத் தொழில்முறை வலைப்பதிவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் எழுதியது ஆங்கிலத்தில்.

தமிழில்?

தமிழன் இந்த விஷயத்தில் சோம்பேறி இல்லை சார். 2003ல் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்துவிட்டன. 2004ல் காசி ஆறுமுகம் ஆரம்பித்த தமிழ்மணம், எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. சமையல், சினிமா, அரசியல், அக்கப்போர், எதுவும் பாக்கியில்லை. எழுத்து இருந்தது, வாசகர் இருந்தார். பணம் மட்டும் இல்லை. ஏனென்றால் ஆட்சென்ஸுக்குத் தமிழ் தெரியாது. 2014 டிசம்பரில் இந்தி கற்றுக்கொண்டது. தமிழ் கற்றுக்கொள்ள 2018 பிப்ரவரி ஆனது.

பதினைந்து வருஷம்! அதற்குள் பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்கும் யூட்யூபுக்கும் குடிபோயிருந்தார்கள்.

ஆக, அந்தப் பதினைந்து வருஷமும் தமிழில் எழுதியவர்களில் அநேகம் பேர் பழைய பாணன் மாதிரிதான். நல்ல ஹோட்டலைச் சொன்னார்கள், மோசமான படத்தைத் திட்டினார்கள், நயா பைசா வாங்கவில்லை. அதனாலேயே அவர்கள் சொன்னதை நம்ப முடிந்தது. அது ஒரு நஷ்டம், அதுவே ஒரு சொத்து.

இங்கிலீஷில் எழுதியவர்கள் மட்டும் ராஜாவாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. சரக்கில்லாத பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளுகிற ஏற்பாடு. ஒரே ராத்திரியில் பல தளங்களில் வாசகர் கூட்டம் காணாமல் போனது. 2020 ஏப்ரலில், ஊரெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த நேரத்தில், அமேசான் அமெரிக்காவில் பங்கைக் குறைத்தது. மளிகைக்கு 5 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது 1 ஆனது. மேஜை நாற்காலிக்கு 8 கொடுத்தது 3 ஆனது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஒரே ஒரு வாரம். 2023 செப்டம்பரில் கூகுள் இன்னொரு மாற்றம் செய்தது. தனி ஆட்கள் நடத்திய 'அது மட்டும்' தளங்கள் பலவற்றுக்கு அது பலத்த அடி. 2024 மே மாதத்திலிருந்து, தேடுகிறவருக்குச் செயற்கை நுண்ணறிவே மேலே பதிலை எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் உங்கள் பக்கத்துக்கு எவர் வருவார்?

இந்த அவஸ்தை கொல்லிமலைக்குப் புதுசு இல்லை. மலையில் ஒரு காலத்தில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று பல தானியம் விளைந்தது. பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது வேண்டும். கையில் காசு கிடைத்தது, அதனால் சாமை நிலம் சுருங்கியது. மலையாளி பழங்குடி மக்களைக் குறை சொல்ல முடியாது. சாமையை உலக்கையால் குத்தி உமி நீக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கிற வேலை. என்ன ஆயிற்று என்றால், விளைவது மேலே, விலை கீழே. ஆலை ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. கிழங்கைத் தோண்டிவிட்டால் ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது.

கூகுளை நம்பி எழுதுகிறவரும் ஜவ்வரிசி ஆலையை நம்பி மரவள்ளி போட்டவரும் ஒரே படகில்தான். சரக்கு நம்முடையது. வழி நம்முடையது இல்லை.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்கிற வேலையைச் செய்தது. அவர்கள் முதலில் கை வைத்தது பிரசாரத்தில் அல்ல, உரலில். உமி நீக்கும் எந்திரம் வந்தது. விதை சேமிப்பு வந்தது. சுய உதவிக் குழுக்கள் சாமையை மாவாக, கலவையாக ஆக்கி, கொல்லிமலை என்ற பெயரையே முத்திரையாகப் போட்டு விற்றன. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரே சாமையைப் பற்றிப் பேசியது. மலைக்காரர்களுக்கு அது பழைய கதை.

இப்போது அந்தப் பெயருக்கு இணையத்தில் மதிப்பு இருக்கிறது. கொல்லிமலை மிளகு, கொல்லிமலைத் தேன், கொல்லிமலை பலா. முடவாட்டுக்கால் தெரியுமா? பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் கிழங்கு. மலையில் அதை சூப் வைத்து விற்கிறார்கள். கேமராவோடு போகிற ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, 'முட்டிவலி பறந்துபோச்சு' என்கிறார்கள். கீழேயே வாங்குவதற்குச் சுட்டி.

ஒரு டம்ளரில் முட்டிவலி போகுமா? குடித்தவருக்குத் தெரியாது. சுட்டிக்குப் பங்கு வருகிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இதனால்தான் சட்டம் உள்ளே வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009லேயே, காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்தால் அதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. இந்தியாவில் விளம்பரத் தர கவுன்சில் 2021ல் இதே விதியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பங்கு வாங்குவது தப்பில்லை. மறைப்பதுதான் தப்பு.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பையனோ பெண்ணோ, 'நான் பிளாக் எழுதி சம்பாதிக்கப் போறேன்' என்று கிளம்பினால், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். சோற்றுக்கு வேறு வேலை இருக்கட்டும், ஏனென்றால் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கிறவன் எங்கேயோ இருக்கிறான். அதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'நீ நடந்து பார்த்த மலை எது?'

ஆயிரம் தளங்களைப் பார்த்து ஆயிரத்தோராவதாக எழுதுவதைச் செயற்கை நுண்ணறிவு நம்மைவிட வேகமாகச் செய்துவிடும். ஆனால் காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது வளைவில் குழந்தை வாந்தி எடுத்தது என்பது, குழந்தையோடு போனவருக்குத்தான் தெரியும். எந்த மாசத்து மிளகில் காரம் இருக்கும் என்பது, பறித்து உலர்த்தியவருக்குத்தான் தெரியும். எதை வாங்க வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த 'வேண்டாம்' இருக்கிறதே, அதற்கு எவனும் கமிஷன் தர மாட்டான். ஆனால் அதைச் சொன்னவர் 'வாங்கு' என்று சொல்லும்போதுதான் நாம் பர்ஸை எடுப்போம்.