பேரிடர்ப் பணியேற்ற படைத்தலைவர் பெக்டன்

இரயில்வேயில் ஊழியம் புரியும் நம்மைப் போன்றோர்க்கு விபத்து நிவாரண வண்டி புதியதன்று. பெரிய நிலையங்களின் யார்டில் ஒதுக்குப்புறமான ஒரு தண்டவாளத்தில், மருத்துவப் பெட்டியும் கருவிகளும் தாங்கி அது ஆண்டு முழுவதும் காத்து நிற்கும். மாதக்கணக்கில் நகராதிருப்பதைக் கண்டு இஃதொரு வீண் செலவு என்று எண்ணுவோரும் உண்டு. நகர வேண்டிய இரவில் அது நகராவிடின் என்ன நேரும் என்பதை, அந்த இரவைக் கண்டவர்களே அறிவர்.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனச் சங்கச் செயலாளர் பணித்தபோது, அவ்வாறு காத்து நிற்கும் பணிக்கே ஒரு நாட்டில் பொறுப்பேற்ற போர்வீரர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் நம் நாட்டவர் அல்லர். ஆயினும் அவர் வரலாறு எழுப்பும் வினா நமக்கும் உரியதே. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளைக் கடல் கொண்ட துயரை நம்மவர் மறந்திலர். அப்பொழுது இந்தியத் தரைப்படைத் தலைவராய் இருந்த ஜெனரல் என்.சி.விஜ் அவர்களே, அடுத்த ஆண்டு அமைந்த தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முதல் துணைத்தலைவரானார். போர்க்களம் கண்டவரை ஏன் இப்பணிக்கு அழைக்கின்றனர்? அவர் கொண்டுவருவது யாது? கொண்டுவர இயலாதது யாது?

ஜூலியஸ் வெஸ்லி பெக்டன் 1926-ஆம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிரின்மார் என்னும் ஊரில் பிறந்தார். கறுப்பினத்தவர். எளிய குடும்பம். இரண்டாம் உலகப் போரின் நடுவே 1944-இல் படையிற் சேர்ந்து, மறு ஆண்டு அதிகாரியானார். அக்காலத்து அமெரிக்கச் சேனையில் கறுப்பர்க்குத் தனிப் பட்டாளம், தனி விடுதி. நாட்டிற்காக உயிர்விட உரிமை இருந்தது. உடன் அமர்ந்து உண்ண உரிமை இல்லை.

1948-ஆம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன், படைகளில் நிறவேற்றுமை கூடாதென்று ஆணை பிறப்பித்தார். அதன் எண் 9981. அவ்வேளை பெக்டன் அபர்தீன் என்னும் இராணுவத் தலத்தில் பயிற்சிக்குச் சென்றிருந்தார். அத்தலத்தின் அதிகாரி எல்லோரையும் கூட்டி ஆணையை வாசித்தாராம். வாசித்து முடித்ததும், தாம் பொறுப்பில் இருக்குமட்டும் இங்கு எதுவும் மாறாது என்றும் சொன்னாராம். இதனைப் பெக்டன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆணை தலைநகரில் பிறக்கும். அது நடப்பதும் நடவாததும் வாசிப்பவர் கையில் இருக்கும். அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைக் கோப்பிற் கட்டிவைக்கும் நமக்கு இவ்வுண்மையைப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

ஆயினும் அவர் சேனையை வெறுத்து ஒதுங்கவில்லை. அவ்வாண்டே முழுநேரப் பணிக்குத் திரும்பினார். 1950-இல் கொரியப் போர் மூண்டது. அவர் சென்றது ஒன்பதாவது காலாட்படை ரெஜிமெண்ட். அதன் மூன்றாம் பட்டாளம் கறுப்பர் பட்டாளம். போரில் ஆட்கள் மளமளவென்று விழவே, வெள்ளையர் கம்பெனிகளில் நேர்ந்த குறையை நிரப்பக் கறுப்பு வீரரை அனுப்புவது தவிர அந்த ரெஜிமெண்டுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. அபர்தீனில் ஆணையால் ஆகாதது, கொரிய மலைகளில் ஆட்பற்றாக்குறையால் ஆயிற்று! பெக்டன் அங்கே காயமுற்றார். வீரத்திற்கான வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். பின்னர் வியட்நாமிலும் குதிரைப்படைப் பெயர் தாங்கிய படைப்பிரிவொன்றை நடத்தினார். இடையில் 1960-இல் கணிதத்தில் பட்டமும், 1967-இல் பொருளாதாரத்தில் மேற்பட்டமும் பெற்றார். 1978 முதல் 1981 வரை ஜெர்மனியில் ஏழாவது கோர் எனும் பெரும்படைக்குத் தலைமை பூண்டார். அமெரிக்கச் சேனையில் ஒரு கோருக்குத் தலைவரான முதற் கறுப்பினத்தவர் அவரே. லெப்டினன்ட் ஜெனரல் நிலையில் 1983-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு நீடிக்கவில்லை. மறு ஆண்டே வெளிநாட்டுப் பேரிடர் உதவி அலுவலகத்தின் தலைவரானார். அது எத்தியோப்பியாவைப் பஞ்சம் வாட்டிய ஆண்டு. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்நாட்டு இராணுவ அரசு சோவியத் நாட்டின் நண்பன், அமெரிக்காவுக்கு ஆகாதது. வடக்கே எரித்திரியா, டிக்ரே பகுதிகளிலோ உள்நாட்டுப் போர். தானியம் கப்பலேறி அஸ்ஸாப், மஸ்ஸாவா துறைமுகங்களுக்கு வந்தது. ஆனால் பசித்தவரோ மலைமேட்டில் இருந்தனர். லாரியும் போதாது, சாலையும் போதாது. வானூர்திகளைக் கொண்டு உள்நாட்டிற்குச் சுமக்க வேண்டியதாயிற்று. கூட்ஸ் அலுவலகத்தில் பல ஆண்டு கழித்த நாம் இதை ஒருவாறு உணர்வோம். ரேக் வந்து சேர்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. வேகனிலிருந்து மூட்டை இறங்கி, இறங்கியது உரியவன் வண்டியில் ஏறும்வரை அது உணவன்று, சரக்கு மட்டுமே. படையைப் பட்டினியின்றி நகர்த்திய தளபதிக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திராது. போர்வீரரை ஏன் அழைக்கின்றனர் என்ற வினாவுக்கு நாம் காணும் முதல் விடை இதுவே.

1985-இல் அவருக்கு வாய்த்த பதவி இதனினும் கடினமானது. ‘ஃபெமா’ எனச் சுருக்கமாக வழங்கும் கூட்டாட்சி அவசரநிலை நிர்வாக இலாகா, பல சிறு அலுவலகங்களை ஒன்றாக்கி 1979-இல் அமைக்கப்பட்டது. அதன் முந்திய தலைவர், பொதுப்பணத்தைக் கையாண்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கிடையே விலகியிருந்தார். ஊழியர் தலைகுனிந்திருந்தனர்; பணம் ஒதுக்கும் காங்கிரஸ் ஐயுற்றிருந்தது. பெக்டன் தம் கீழ்ப் பணிபுரிவோர்க்கென்று சில நெறிகளை வகுத்து வைத்திருந்தார். நேர்மையில் பேரம் இல்லை. மேலதிகாரியோடு கருத்து மாறுபடுவது அவமரியாதை ஆகாது. செய்த பிழையை ஒப்புக்கொள். நகைச்சுவையை இழவாதே என்பன அவற்றுட் சில. இவற்றுள் இரண்டாவதைப் படைத்தலைவர் ஒருவர் எழுதி வைத்தார் என்பதே நமக்கு வியப்பு. அந்த இலாகா இழந்த நற்பெயரை அவர் மீட்டார் என்று பின்னாளில் அதன் ஊழியரே கூறினர். 1988 நவம்பரில் ஸ்டாஃபோர்டு சட்டம் நிறைவேறியதும் அவர் காலத்திலேதான். ஜனாதிபதி பேரிடர் என அறிவித்தபின், பொதுக் கட்டடங்களையும் சாலைகளையும் சீரமைக்கும் செலவில் மத்திய அரசின் பங்கு நூற்றுக்கு 75-க்குக் குறையாதிருக்க அச்சட்டம் வழிசெய்தது.

புகழ்ந்ததோடு நிறுத்துவது நியாயமன்று. அவர் காலத்தில் இலாகாவின் திட்டங்கள் யாவும் முக்கியத்துவ முறைப்படி வரிசையிடப்பட்டன. அணுகுண்டுப் போருக்கான ஆயத்தங்கள் மேலிடம் பெற்றன. நிலநடுக்கம், சூறாவளி, வெள்ளம் ஆகியன கடைப்பகுதியில் நின்றன. சோவியத்துடன் பனிப்போர் நடந்த காலம் அது; அரசின் நோக்கமும் அதுவே; அவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. எனினும் எதிரி என்றால் படையோடு வருபவன் என்று கொள்ளும் பழக்கம் போர்வீரனை எளிதில் விட்டகலாது என்றே நமக்குத் தோன்றுகிறது. 1989-இல் அவர் பதவி நீங்கிய சில மாதங்களுக்குள் செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி தென் கரோலினாவைத் தாக்கியது. அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரம் நிலநடுக்கத்தால் குலுங்கியது. 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைச் சூறையாடிற்று. உதவி பிந்தியது என இலாகாவை நாடே ஏசியது. சோவியத் குண்டு எந்நாளும் விழவில்லை. வண்டியை அவர் பழுதுபார்த்துத் தந்தார். ஆனால் அது வேறொரு பாதையை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தது.

அதன்பின் தாம் பட்டம் பெற்ற பிரெய்ரிவியூ கல்லூரிக்கு 1994 வரை தலைவராயிருந்தார். 1996-இல், எழுபது வயதில், தலைநகர் வாஷிங்டனின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்க அழைத்தனர். அங்கே கூரைகள் ஒழுகின. பழுதுபார்க்கும் வேலை முடியாமையால் 1997-இல் பள்ளிகள் மூன்று வாரம் பிந்தித் திறந்தன, பெற்றோர் சினந்தனர். மறு ஆண்டு அவர் விலகினார். மூன்று போர்களைக் கண்டவரைப் பள்ளிக்கூரைகள் வென்றன என்று சிரிப்போர் சிரிக்கலாம். ஒரு கட்டடத்தின் ஓட்டைமாற்ற எத்தனை கையொப்பம் வேண்டும் என்றறிந்த நமக்குச் சிரிப்பு வரவில்லை.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி, தம் 97-ஆம் வயதில் பெக்டன் காலமானார். 1948-இல் ஆணையை வாசித்துவிட்டு எதுவும் மாறாது என்ற அந்த அதிகாரியின் பெயரை, அவர் வரலாற்றைப் படித்த நம்மால் நினைவில் இருத்த இயலவில்லை.