கொம்பனித்தெருக் காணியும் சபையின் கணக்கும்

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978இல் சட்டத்தால் உருவானது. 2010இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அந்த மே மாதமே கொம்பனித்தெருவில் வீடுகள் உடைக்கப்பட்டன. அதே ஆண்டு சபை கடன்பத்திரம் விற்று 1,000 கோடி ரூபாய் திரட்டியது.

திட்டம் இதுதான்: 'சேரி' என்று பெயர் வைத்த காணியை விடுவித்து முதலீட்டாளருக்குக் கொடுப்பது, வரும் காசில் தொடர்மாடி கட்டுவது. அப்படியென்றால் தெமட்டகொடைத் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களிடம் பத்து இலட்சம் ரூபாய் தவணையில் கேட்டது எதற்கு? அவர்களில் உறுதி வைத்திருந்தவர்களும் உண்டு. காணியும் போய் கடனுமா?

கணக்காய்வாளர் நாயகம் சபையின் கணக்கை ஆண்டுதோறும் பார்க்கிறார். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, எந்தக் காணி என்ன விலைக்குப் போனது என்று நாமும் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள்.