உத்தரவிட முடியாத ஆணையம் சாதித்தது என்ன?

ஆலோசனைக் குழு என்றாலே பலருக்கும் ஒரு சலிப்பு வரும். கூடுவார்கள், பேசுவார்கள், தேநீர் குடிப்பார்கள், கடைசியில் ஓர் அறிக்கை வரும், அது அலமாரிக்குள் போய்விடும். மகளிருக்கான ஆலோசனைக் குழு என்றால் இந்தச் சலிப்பு இன்னும் ஒரு படி அதிகம். மகளிர் தினத்தில் விருந்து வைக்கவும் பூச்செண்டு கொடுக்கவும் ஓர் அமைப்பு தேவையா என்று கேலி பேசுவோரும் உண்டு.

இந்த எண்ணம் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இப்படிப்பட்ட ஓர் அமைப்பு ஒரு மாநகரத்தின் போலீஸ் நிலையம், நீதிமன்றம், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கிய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரின் மகளிர் நிலை ஆணையம் அதற்குச் சான்று. அந்த ஆணையத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் வெள்ளை மாளிகைக்குப் போக வேண்டும்.

கென்னடி அமைத்த குழு

1961ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி, அதிபர் ஜான் கென்னடி ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மகளிர் நிலை பற்றிய அதிபர் ஆணையம் அன்று பிறந்தது. முன்னாள் அதிபரின் துணைவியாரான எலினோர் ரூஸ்வெல்ட் அதன் தலைவர். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் தொழிலாளர் இலாகாவில் மகளிர் பிரிவின் தலைவியாக இருந்த எஸ்தர் பீட்டர்சன்.

அன்றைய அமெரிக்காவில் ஆண் ஒரு டாலர் சம்பாதித்தால் பெண்ணுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 59 காசு. செய்தித்தாள்களில் வேலை விளம்பரங்கள்கூட இரண்டாகப் பிரிந்து கிடந்தன. 'ஆண்கள் தேவை' ஒரு பக்கம், 'பெண்கள் தேவை' ஒரு பக்கம். நல்ல சம்பளமுள்ள வேலைகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எலினோர் அம்மையார் 1962 நவம்பரில் காலமானார். ஆணையத்தின் அறிக்கை 1963 அக்டோபர் 11ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளில், அதிபரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1963 ஜூன் மாதத்தில், சம ஊதியச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது.

இந்த ஆணையத்தைப் பார்த்து மாநிலங்களும் அதே போன்ற ஆணையங்களை அமைக்கத் தொடங்கின. 1962இல் மிச்சிகன் மாநிலம் முந்திக்கொண்டது. 1967க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஆணையங்கள் வந்துவிட்டன. ஊர் ஊராகத் தகவல் திரட்டப்பட்டது. எந்தச் சட்டம் பெண்ணுக்குச் சொத்துரிமையை மறுக்கிறது, எந்த விதி அவளை வேலையிலிருந்து தள்ளி வைக்கிறது என்பதெல்லாம் முதன்முறையாக ஒரே இடத்தில் எழுத்தில் வந்தன.

கைதுடைக்கும் தாளில் எழுதிய பெயர்

எழுத்தில் வந்துவிட்டால் போதுமா? அந்தக் கேள்வி 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெடித்தது.

அந்த மாதம் தலைநகர் வாஷிங்டனில் மாநில ஆணையங்களின் மூன்றாவது தேசிய மாநாடு நடந்தது. 'செயலுக்கான இலக்குகள்' என்பது அதன் கருப்பொருள். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வேலையில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கூறியிருந்தது. அதை அமலாக்க வேண்டிய சம வேலைவாய்ப்பு ஆணையமோ, ஆண் பெண் என்று பிரித்த வேலை விளம்பரங்களை அனுமதித்துக்கொண்டிருந்தது. சட்டத்தை ஒழுங்காக அமலாக்குங்கள் என்று மாநாடு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று சில பேராளர்கள் கேட்டார்கள்.

கிடைத்த பதில் என்ன தெரியுமா? இந்த மாநாட்டுக்குத் தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரம் கிடையாது என்பதுதான். செயலுக்கான இலக்குகள் என்று பெயர் வைத்த மாநாட்டில் செயலுக்கு இடமில்லை!

கோபம் மதிய உணவு மேசைக்கு வந்தது. அங்கே எழுத்தாளர் பெட்டி ஃபிரீடன் கைதுடைக்கும் தாள் ஒன்றில் ஒரு புதிய அமைப்பின் பெயரை எழுதினார். 28 பெண்கள் ஆளுக்கு 5 டாலர் போட்டார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய மகளிர் அமைப்புகளில் ஒன்றான தேசிய மகளிர் அமைப்பு இப்படித்தான் பிறந்தது.

அதுவரை அரசு அழைத்தால் வந்து ஆலோசனை சொன்ன பெண்கள், இனி வெளியே நின்றும் அழுத்தம் கொடுக்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டார்கள். பிட்ஸ்பர்க் நகரில் அந்தப் பாடம் பலித்தது. 1969இல் தேசிய மகளிர் அமைப்பு, பிரித்துப் போட்ட வேலை விளம்பரங்களைப் பற்றி அந்த நகரின் மனித உறவு ஆணையத்திடம் புகார் செய்தது. அங்கே நகரச் சட்டத்தின் பலம் ஆணையத்துக்கு இருந்தது. விளம்பரத்தைப் பிரிக்காதே என்று அது செய்தித்தாளுக்கு உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரமே வென்றது. வாஷிங்டன் தயங்கிய காரியத்தை ஒரு நகரம் செய்து காட்டியது.

சான் பிரான்சிஸ்கோவின் ஏழு பேர்

இந்தச் சூழ்நிலையில்தான் 1975ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் தனது மகளிர் நிலை ஆணையத்தை அமைத்தது. மேயர் நியமிக்கும் ஏழு உறுப்பினர்கள். எந்தத் துறைக்கும் அவர்கள் உத்தரவிட முடியாது.

அடுத்த ஆண்டே, 1976இல், கணவனிடம் அடிபட்ட பெண்களுக்கான ஓர் அடைக்கல இல்லம் அந்த நகரில் திறக்கப்பட்டது. அதுவரை நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடி வந்த பெண்ணுக்குப் போக இடமில்லை. உறவினர் வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த நிலை நமக்கும் புதிதல்ல. வருங்காலங்களில் இத்தகைய இல்லங்களுக்கும் உதவித் தொலைபேசிச் சேவைகளுக்கும் நகரின் பணத்தைப் பகிர்ந்து கொடுப்பது ஆணையத்தின் முக்கியப் பணியானது. 1994இல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு, ஆணையத்துக்கு நகர நிர்வாகத்தில் நிரந்தரமான ஒரு துறையைக் கொடுத்தார்கள்.

நாடு மறுத்தது, நகரம் ஏற்றது

ஐக்கிய நாட்டுச் சபை 1979ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான அந்த உடன்படிக்கையைச் சுருக்கமாக 'சீடோ' என்பார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் சேர்ந்தன. அமெரிக்கா 1980இல் கையெழுத்திட்டதோடு சரி. அதன் செனட் சபை ஒப்புதல் தரவே இல்லை.

நாடு செய்யாவிட்டால் நகரம் செய்யக் கூடாதா என்று கேட்டவர்களில் ஒருவர், இலங்கையில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் மனித உரிமைப் பணியாற்றிய கிரிஷாந்தி தர்மராஜ். அவர் இணைந்து நிறுவிய மகளிர் தலைமைத்துவ அமைப்பும், அனைத்துலக மன்னிப்புச் சபையும், மகளிர் நிலை ஆணையமும் கைகோத்தன. 1997 அக்டோபரில் பொதுவிசாரணை ஒன்று நடந்தது. வன்முறை, வேலை, சுகாதாரம் பற்றிப் பெண்கள் தங்கள் வாயாலேயே நகர மன்றத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

1998 ஏப்ரல் 13ஆம் தேதி மேயர் வில்லி பிரவுன் சட்டத்தில் கையெழுத்திட்டார். சீடோவை உள்ளூர்ச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க நகரம் சான் பிரான்சிஸ்கோ என்ற பெருமை வந்தது. அதைவிட முக்கியம், ஆணையத்தின் கேள்விக்கு நகரத் துறைகள் பதில் சொல்ல வேண்டிய கடமையும் வந்தது.

1999இல் இரண்டு துறைகள் முதலில் ஆராயப்பட்டன. ஒன்று பொதுப்பணித் துறை, மற்றது சிறார் நன்னடத்தைத் துறை. சாலைக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பொதுப்பணித் துறையில் கேட்டிருக்கலாம். இரவு வேலை முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து வரும் பெண்ணைக் கேட்டால் தெரியும், ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையிலுள்ள இருட்டு எவ்வளவு நீளம் என்று! சிறார் துறையிலோ, திட்டங்கள் பெரும்பாலும் பையன்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருந்தன. வழிதவறி வந்த சிறுமிகளின் தேவை வேறு என்பது கேட்ட பிறகே தெரிய வந்தது.

பலமுறை அழைத்தும் காப்பாற்ற முடியாத உயிர்

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது பிழை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதே நகரில் 28 வயது இளம்தாய் ஒருவர், தம் இரண்டு பிள்ளைகளின் கண் முன்னே, பிரிந்துபோன காதலனால் குத்திக் கொல்லப்பட்டார். போலீசுக்கு முன்பே பலமுறை அழைப்புகள் போயிருந்தன. அந்த ஆடவன் அவரைத் தாக்கிய குற்றத்துக்காக ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன். கொலைக்குப் பிறகு தப்பியோடிய அவன் 2006இல் மெக்சிகோவில் பிடிபட்டான்; 2008இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

இத்தனை அலுவலகங்கள் இருந்தும் ஓர் உயிரை ஏன் காப்பாற்ற முடியவில்லை? மகளிர் நிலை ஆணையம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 'நீதியும் துணிவும்' என்ற தலைப்பில் 2002இல் அறிக்கை வந்தது. அறிக்கை காட்டிய குறை மிக எளிமையானது. போலீசாரிடம் ஒரு கோப்பு, அரசு வழக்கறிஞரிடம் ஒரு கோப்பு, நன்னடத்தை அதிகாரியிடம் ஒரு கோப்பு. ஒருவர் கோப்பில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வோர் அழைப்பும் புதிய அழைப்பாகவே பார்க்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் அது ஒரே தொடர்கதையாக இருந்தது.

இந்த அறிக்கை அலமாரிக்குப் போகவில்லை. பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க மேற்பார்வைக் குழு ஒன்று அமைந்தது. போலீஸ், வழக்கறிஞர், நீதிமன்றம், அடைக்கல இல்லம் என எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். துறைகளின் கணினிகளை இணைக்கும் வேலை ஆண்டுக் கணக்கில் இழுத்தது. ஆணையமும் கேட்பதை நிறுத்தவில்லை. 2007இல் குடும்ப வன்முறை மன்றம் சட்டப்படி நிறுவப்பட்டது.

பலன் உண்டா? 2010 முதல் 2014 வரை தொடர்ச்சியாக 44 மாதங்கள் சான் பிரான்சிஸ்கோவில் குடும்ப வன்முறைக் கொலை ஒன்றுகூட நடக்கவில்லை. இதன் பெருமை ஆணையத்துக்கு மட்டும் உரியதல்ல. அடைக்கல இல்லங்களில் இரவெல்லாம் விழித்திருந்தோர், பயிற்சி பெற்ற போலீசார் என்று பலருக்கும் பங்குண்டு. 2014இல் அந்தக் கணக்கு முறிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும், 44 மாதங்கள் என்பது உயிரோடு வீடு திரும்பிய பெண்களின் கணக்கு அல்லவா!

கேட்பவரும் பதில் சொல்பவரும்

சான் பிரான்சிஸ்கோ வழியைப் பின்பற்றி 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரும் சீடோவை உள்ளூர்ச் சட்டமாக்கியது. பிறகு வேறு நகரங்களும் சேர்ந்தன.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 1966இல் வாஷிங்டனில் கூடிய பெண்களுக்குத் தகவல் இருந்தது, அறிவு இருந்தது, துணிவும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அவர்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய ஆள். சான் பிரான்சிஸ்கோவின் ஏழு பேருக்கு அந்த ஆள் கிடைத்தார். அவர்கள் கடைசி வரை யாருக்கும் உத்தரவிடவில்லை. கேட்டார்கள், எழுதி வைத்தார்கள், அடுத்த ஆண்டு வந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள்.

ஆகவே எந்த ஊரிலும் மகளிருக்கென்று ஒரு குழு அமைந்தால், யார் யார் உறுப்பினர், திறப்பு விழாவுக்கு எந்தப் பிரமுகர் வருகிறார் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் குழு ஒரு கேள்வி கேட்டால், அதற்கு எத்தனை நாளில், யார் பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் சொல்ல ஆள் இருந்தால் அந்தக் குழு வேலை செய்யும். இல்லையென்றால் தேநீர் மட்டுமே மிஞ்சும்.