நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களின் ஊதியமும் பணிநிலைமையும் (இந்தியா)

இந்தியாவில் மாநில எல்லைகளைக் கடந்து சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளை (சரக்குந்து, பாரவுந்து எனவும் எழுதப்படும்) ஓட்டுபவர்கள் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்கள் எனப்படுகின்றனர். ஒருமுறை வண்டியேறிய ஓட்டுநர் வீடு திரும்பப் பத்து நாட்களும் ஆகலாம், ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். இவர்களது வேலைநேரத்தைச் சட்டம் மணிக்கணக்கில் வரையறுக்கிறது. ஊதியமோ பெரும்பாலும் நடைக்கணக்கில் (டிரிப்) தரப்படுகிறது. சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரம் இவ்விரு கணக்குகளிலும் முறையாக இடம்பெறுவதில்லை. இத்தொழிலின் ஊதியச் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படையாகும்.

தொழிலின் அமைப்பு

இந்திய லாரித் தொழிலில் பெரும்பான்மையோர் ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் ஆவர். கடன் தவணையில் ஒரே வண்டி வாங்கித் தாமே ஓட்டுபவர்களும் உள்ளனர். சரக்கு உடையவருக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையே லாரி புக்கிங் அலுவலகங்களும் புரோக்கர்களும் உள்ளனர். சரக்கு உடையவர் தரும் வாடகையிலிருந்து கமிஷன், டீசல், சுங்கக் கட்டணம், தவணை ஆகியவை கழிந்த பின்னரே ஓட்டுநரின் பங்கு வருகிறது. வாடகை குறையும் காலத்தில் டீசலையும் தவணையையும் குறைக்க இயலாது. எஞ்சியிருப்பது ஓட்டுநரின் படி மட்டுமே.

தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் இத்தொழிலின் மையமாக விளங்குகிறது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு டேங்கர் லாரிகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஆகியவற்றுக்கு இப்பகுதி பெயர் பெற்றது. இங்கிருந்து புறப்படும் வண்டிகள் கொல்கத்தா, குவகாத்தி, தில்லி வரை செல்கின்றன.

ஊதிய முறை

மாதச் சம்பளம் மட்டும் பெறும் நெடுந்தொலைவு ஓட்டுநர்கள் குறைவு. பெரிய நிறுவனங்களிலும் சில டேங்கர் லாரிகளிலும் சம்பளத்துடன் படியும் (பேட்டா) தரப்படுகிறது. மற்ற இடங்களில் நடைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொள்ளப்படுகிறது. எழுத்து வடிவில் பணி ஒப்பந்தம் இருப்பது அரிது.

புறப்படும்போது உரிமையாளர் ஒரு முன்பணம் தருவார். டீசல், சுங்கம், உணவு, பஞ்சர், ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் கேட்கப்படும் மாமூல் ஆகிய அனைத்தையும் ஓட்டுநர் இதிலிருந்து செலவிட்டு, திரும்பியதும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் ஏற்காத செலவு ஓட்டுநரின் படியில் கழிக்கப்படும். மாமூலுக்கு ரசீது கிடையாது என்பதால் இந்தக் கணக்கு ஒப்படைப்பே சச்சரவுகளுக்கு முதன்மைக் காரணமாகிறது. ஏற்றும்போது இருந்த மூட்டைக்கும் இறக்கும்போது இருக்கும் மூட்டைக்கும் வேறுபாடு ஏற்பட்டாலும், தார்பாய் கிழிந்து சரக்கு நனைந்தாலும் இழப்பின் ஒரு பகுதி ஓட்டுநர் தலையில் விழுவதுண்டு.

சுங்கக் கட்டணத்தைப் பொறுத்தவரை 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் ரொக்கம் கையாள்வது குறைந்தது. டீசலுக்கும் பல உரிமையாளர்கள் அட்டை தருகின்றனர். இதனால் கணக்குச் சச்சரவும் குறைந்தது, ஓட்டுநர் சிக்கனமாக ஓட்டி மிச்சம்பிடிக்கும் வழியும் குறைந்தது.

காத்திருப்பு

நாமக்கல்லிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஆகும். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓட்டினால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். போய்வரும் நடைக்கு 15,000 ரூபாய் பேசப்பட்டது என்று வைத்துக்கொள்வோம் (இது விளக்கத்திற்கான எண் மட்டுமே; நிலவும் ஊதியம் அன்று). எங்கும் நிற்காமல் வந்தால் நாளுக்கு 1,500 ரூபாய் ஆகும். கொல்கத்தாவில் சரக்கு இறக்க இரண்டு நாள், ரிட்டன் லோடு கிடைக்க நான்கு நாள், இங்கு வந்து இறக்க ஒரு நாள் என்று கூட்டினால் பத்து நாள் பதினேழு நாளாகிறது. ஊதியம் நாளுக்கு 882 ரூபாயாகச் சரிகிறது. அந்த ஏழு நாட்களின் உணவுச் செலவு தனி.

தாமதத்திற்குக் காரணம் கிடங்கில் இடமின்மை, சுமைதூக்குவோர் பற்றாக்குறை, ஆவணப் பிழை, சந்தை விடுமுறை என எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லை. அதிக நாள் நிறுத்தினால் சரக்கு உடையவர் ஹால்டிங் பணம் தரவேண்டும் என்ற வழக்கம் தொழிலில் உண்டு. ஆனால் அது வண்டிக்கான பணமாகவே கருதப்படுகிறது. அதில் ஓட்டுநருக்குப் பங்கு தருவது உரிமையாளரின் விருப்பம். காத்திருக்கும் நேரத்தை ஓய்வு என்றும் கொள்ள இயலாது. டீசல், பேட்டரி, ஸ்டெப்னி டயர், சரக்கு ஆகியவற்றுக்கு இரவில் காவல் இருப்பவரும் ஓட்டுநரே.

இழந்த நாட்களை ஈடுகட்ட அவருக்கு உள்ள ஒரே வழி, ஓடும் நாட்களில் கூடுதலாக ஓட்டுவது. தூக்கமின்றி இரவு முழுவதும் ஓட்டும் வழக்கம் இங்கிருந்துதான் தோன்றுகிறது. இதை ஓட்டுநரின் பொறுப்பின்மை என்று மட்டும் பார்ப்பது சரியன்று. சேவ்லைஃப் அறக்கட்டளை 10 நகரங்களில் 1,200க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்கு ஓட்டுவது தெரியவந்தது. தம் குடும்பத்தினருக்கோ நண்பர்களுக்கோ இத்தொழிலைப் பரிந்துரைக்கமாட்டோம் என்று 84 விழுக்காட்டினர் கூறினர்.

சட்ட வரம்புகள்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டது. நெடுந்தொலைவு வழித்தடங்களில் உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் இது நாளுக்கு 10, வாரத்திற்கு 54 மணி வரை நீளலாம். 5 மணி நேரத்திற்குப் பின் அரை மணி இடைவேளை, இரு வேலைநாட்களுக்கு நடுவே தொடர்ச்சியாக 9 மணி ஓய்வு, வார விடுமுறை, மிகைநேரத்திற்கு இரட்டை ஊதியம், ஆண்டில் 240 நாள் பணிபுரிந்தவருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியவையும் அதில் இருந்தன.

ஏட்டளவில் நல்ல சட்டம். ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது தானாகப் பொருந்தியது. ஓரிரு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவர்கள் வெளியே நின்றனர். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 91ஆம் பிரிவு அதே மணி வரம்பைப் போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் விரித்தது. எனினும் இரட்டை ஊதியத்தையும் விடுப்பையும் அது தரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு, 2020 பழைய 1961 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்திற்கான வரம்பு ஐந்திலிருந்து பத்துத் தொழிலாளர்களாக உயர்ந்துள்ளது. ஆகவே சிறு உரிமையாளரிடம் பணிபுரிபவருக்குச் சட்டம் முன்னைவிடத் தொலைவில் சென்றுள்ளது.

மணிக்கணக்கைப் பதிவு செய்யும் ஏற்பாடு இல்லாததே மற்றொரு குறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரிகளில் டாக்கோகிராஃப் என்னும் பதிவுக்கருவி கட்டாயம். அங்கு நாளுக்கு 9 மணி (வாரத்தில் இரு நாட்கள் 10 மணி) மட்டுமே ஓட்டலாம், நாலரை மணிக்கு ஒருமுறை 45 நிமிட இடைவேளை வேண்டும். சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால் ஓடிய தொலைவுக்கேற்ப ஊதியம் தருவதையே அவ்வொன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதி தடை செய்கிறது. அமெரிக்காவில் மின்னணுப் பதிவுக்கருவி 2017 டிசம்பரில் கட்டாயமாயிற்று. ஆயினும் அங்கு மைல் கணக்கு ஊதியம் பரவலாக உள்ளது, மாநிலங்களுக்கிடையே ஓட்டும் ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு 1938ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படியான மிகைநேர ஊதியம் பொருந்தாது. இந்தியாவில் ஃபாஸ்டேக் பதிவு, ஜி.பி.எஸ்., இ-வே பில் மூன்றையும் இணைத்தால் ஓர் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதை ஓரளவு துல்லியமாகவே கணிக்கலாம். இத்தரவுகள் இப்போது சரக்கைக் கண்காணிக்கவும் வரி வசூலிக்கவுமே பயன்படுகின்றன. 2021 சனவரி முதல் இ-வே பில்லின் ஒரு நாள் செல்லுபடி 100 கிலோமீட்டருக்குப் பதில் 200 கிலோமீட்டராகக் கணக்கிடப்படுவதால், இடையில் நின்றுபோகும் வண்டிக்குக் காலக்கெடு நெருக்கடியும் கூடியுள்ளது.

கிளீனரும் இரண்டாம் ஓட்டுநரும்

தேசிய பர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்கவேண்டும் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பும் இவ்விதி பரவலாகப் பின்பற்றப்படவில்லை. செலவைக் குறைக்கக் கிளீனரையும் பல உரிமையாளர்கள் விட்டுவிட்டனர். கயிறு கட்டுதல், தார்பாய் மூடுதல், டயர் மாற்றுதல், பின்னால் வரும்போது வழிகாட்டுதல் என அவர் செய்த வேலைகள் ஓட்டுநருக்கு வந்துசேர்ந்தன. படி மட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லை. கிளீனராகச் சேர்ந்து சில ஆண்டுகளில் ஓட்டுநராவதே இத்தொழிலின் மரபான பயிற்சி முறையாக இருந்தது. ஓட்டுநர் பற்றாக்குறை என்று இன்று பேசப்படுவதற்கு இவ்வழி அடைபட்டதும் ஒரு காரணமாகும்.

வண்டியும் தங்குமிடமும்

ஓட்டுநருக்கு வண்டியின் கேபினே படுக்கையறை. எஞ்சின் சூட்டில் கோடைக்காலப் பகல் ஓட்டம் கடுமையானது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சாலையில் ஏற்கனவே ஓடும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. குளியல், கழிப்பிடம், உணவு ஆகியவற்றுக்கு டாபாக்களையும் பெட்ரோல் நிலையங்களையும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்காக முதற்கட்டமாக 1,000 ஓய்வுக் கட்டடங்கள் அமைக்கப்படும் என்று 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு அறிவித்தது.

முதுகுவலி, இரத்த அழுத்தம், நீரிழிவு, பார்வைக் குறைபாடு ஆகியன இவர்களிடம் பரவலாகக் காணப்படுகின்றன. பெரும்பாலானோருக்கு வருங்கால வைப்புநிதியோ மருத்துவக் காப்பீடோ இல்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென நலவாரியம் உள்ளது. பதிவு செய்துகொண்ட உறுப்பினர்களே அதன் உதவிகளைப் பெறமுடியும். மாதத்தின் பெரும்பகுதி வெளிமாநிலத்தில் இருப்பவருக்குப் பதிவும் புதுப்பித்தலும் எளிதன்று.

விபத்தும் 2024 வேலைநிறுத்தமும்

இந்தியாவில் லாரி வேலைநிறுத்தம் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் உரிமையாளர்களின் போராட்டமே. 2018 சூலையில் எட்டு நாட்கள் நடந்த நாடு தழுவிய போராட்டத்தின் கோரிக்கைகள் டீசல் விலை, சுங்கம், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவை குறித்தவை. ஓட்டுநரின் படி அதில் முதன்மைக் கோரிக்கையாக இல்லை.

2024 சனவரி முதல் நாட்களில் நடந்தது இதனின்றும் வேறுபட்டது. பல மாநிலங்களில் ஓட்டுநர்களே வண்டியை நிறுத்தினர். உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவே காரணம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது ஓட்டுநர்கள் கூறிய காரணம். இது வெறும் சாக்கு அன்று. காயமுற்றவருக்கு உதவவேண்டும் என்று கூறும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் வெறியால் இயலாத நிலையை விலக்காக ஏற்கிறது. மொழி தெரியாத மாநிலத்தில், தனியாக, கிளீனரும் இல்லாத வண்டியில் இருப்பவருக்கு இந்த அச்சம் கூடுதலாகும்.

அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரசுடன் கலந்துபேசிய பின்னரே இப்பிரிவு நடைமுறைக்கு வரும் என்று அரசு உறுதியளித்ததை அடுத்து ஓட்டுநர்கள் பணிக்குத் திரும்பினர். 2024 சூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 106(2) உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர்களின் வேலைநேர வரம்பைச் செயற்படுத்தும் வழிகளைக் கண்டறியக் கூட்டங்கள் நடத்துமாறு நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஆணையிட்டது.