தீப்பெட்டிக்குள் வந்த சாணி வண்டு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

1987ஆம் வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஈராசிரியர் பள்ளி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தீப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். திறந்து பார்த்தால் கருகருவென்று ஒரு சாணி வண்டு. "சார், இது சாணிய உருட்டிக்கிட்டே போவுதே, எதுக்கு சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "வெளியே போட்டுட்டுக் கையக் கழுவிட்டு வாடா" என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியவில்லை என்பதை மறைக்க வாத்தியார்களுக்கு இது ஒரு சுலபமான வழி.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு ஒரு நாடே கோடிக்கணக்கில் செலவு செய்து விடை கண்டது தெரிந்தது. அந்த நாடு ஆஸ்திரேலியா.

1788ல் வெள்ளைக்காரர்களின் கப்பல்களில்தான் முதன்முதலாக ஆஸ்திரேலியாவுக்கு மாடு போனது. அதற்கு முன் அங்கே இருந்த பெரிய மேய்ச்சல் விலங்கு கங்காரு. கங்காருவின் புழுக்கை சின்னதாக, உலர்ந்து இருக்கும். அந்த நாட்டு வண்டுகள் அதற்குப் பழகியவை. ஈரமாக, தட்டுத் தட்டாக விழும் மாட்டுச் சாணத்தை அவற்றில் பெரும்பாலானவை சீண்டவில்லை. ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணம் போடும். மாடுகள் கோடிக்கணக்கில் பெருகியபோது, போட்ட சாணம் போட்ட இடத்திலேயே காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தது. அதற்கு அடியில் புல் செத்தது. சாணத்தில் ஈக்கள் பெருகின. ஆஸ்திரேலியர்கள் முகத்துக்கு முன்னால் ஓயாமல் கையை வீசி ஈ ஓட்டுவதை 'ஆஸ்திரேலிய சல்யூட்' என்று அவர்களே கேலி செய்யும் அளவுக்குப் போனது.

1950களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே குடியேறினார். மேய்ச்சல் நிலம் முழுக்கச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும், ஐரோப்பாவில் இப்படி இல்லையே என்று யோசித்தார். இங்கே இல்லாதது வண்டுதான் என்று கண்டுபிடித்தார். அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பு 1965 முதல் 1985 வரை இருபது வருடம் அவர் யோசனையைச் செயல்படுத்தியது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆய்வு நிலையம் வைத்து வண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டோடு மாட்டு நோயும் வந்துவிடக் கூடாது என்பதற்காக முட்டைகளைக் கிருமி நீக்கி அனுப்பினார்கள். இந்தத் திட்டத்தில் 43 இனங்களை வெளியில் விட்டார்கள். அவற்றில் 23 இனங்கள் அந்த மண்ணில் வேரூன்றின.

இனி அந்தப் பையனுக்கான பதில். சாணி வண்டில் உருட்டிக்கொண்டு போவது ஒரு வகை. சாணத்துக்கு நேர் கீழேயே குழி தோண்டிப் புதைப்பது இன்னொரு வகை. சாணத்துக்குள்ளேயே குடியிருப்பது மூன்றாவது வகை. உருட்டுகிற வண்டும் புதைக்கிற வண்டும் சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் அதில் முட்டையிடும். பொரித்து வரும் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. இதனால் எரு மண்ணுக்குள் போகிறது, மண் இளகுகிறது, மழைத் தண்ணீர் இறங்குகிறது, ஈ முட்டையிட இடம் குறைகிறது. மாட்டு வயிற்றுப் புழுக்களின் முட்டையும் சாணத்தோடுதான் வெளியே வரும். வண்டு சாணத்தைக் கலைத்து உலர்த்துவதால் அதில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. கூலி கேட்காமல் குடற்புழு நீக்கும் வேலையிலும் அது கை கொடுக்கிறது.

கதையின் அடுத்த பகுதி ஜப்பானில் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் சதோஷி ஓமுரா என்ற ஜப்பானிய அறிஞர், ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் இருந்த வில்லியம் கேம்பல் குழுவினர் அதிலிருந்து கிடைத்த பொருளின் ஆற்றலைக் கண்டறிந்தார்கள். ஐவர்மெக்டின் பிறந்தது. 1981ல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. குடற்புழு, உண்ணி, பேன், சொறி என்று உள்ளேயும் வெளியேயும் ஒரே ஊசியில் வேலை செய்த மருந்து அதுவரை இல்லை. புழு பூச்சிகளின் நரம்பைச் செயலிழக்க வைக்கும். சரியான அளவில் கொடுத்தால் மாட்டுக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

இந்த மருந்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களைக் குருடாக்கிய 'ஆற்றுக் குருடு' நோய்க்கும் இதுதான் மருந்து. தேவைப்படும் வரை இலவசமாகத் தருகிறோம் என்று 1987ல் அந்த நிறுவனம் அறிவித்தது. ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசு.

அதே 1987ல்தான் இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த ரிச்சர்ட் வால், லெஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தை மாட்டின் வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி கொடுத்து, அந்தச் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் வைத்துப் பார்த்தார்கள். நூறு நாள் கழித்துப் பார்த்தபோது, மருந்து கொடுக்காத மாட்டின் சாணம் பெரும்பாலும் மண்ணோடு போயிருந்தது. மருந்து கொடுத்த மாட்டின் சாணம் பெரிதாக மாறாமல் அப்படியே கிடந்தது. காரணம் எளிது. உள்ளே போன மருந்தின் பெரும்பகுதி வீரியம் குறையாமல் சாணத்தோடு வெளியே வருகிறது. மாட்டு வயிற்றில் புழுவைக் கொன்ற மருந்துக்கு, வெளியே இருக்கும் வண்டின் புழு வேறு என்று தெரியாது.

எதிர்ப்பும் வந்தது. சாதாரண ஊசியில் இவ்வளவு பாதிப்பு இல்லை என்றார்கள். சில ஆய்வுகளில் சாணம் மக்குவதில் வித்தியாசமே தெரியவில்லை. மழை, வெயில், மருந்து கொடுக்கும் முறை, காலம் எல்லாவற்றையும் பொறுத்து முடிவு மாறியது. ஆனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப உறுதியானது. ஊசி போட்ட பின் சில வாரங்கள் வரை அந்தச் சாணத்தில் வண்டுப் புழுக்கள் பிழைப்பது கடினம். வளர்ந்த வண்டு உடனே சாவதில்லை. ஆனால் மோப்பமும் நடையும் குன்றிப்போவதாக 2015ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாணத்தை மோப்பம் பிடித்துப் போகிற உயிருக்கு மூக்கு மங்கினால் என்ன மிச்சம்?

ஆஸ்திரேலியாவை நினைத்துப் பாருங்கள். ஒரு கை கடல் கடந்து வண்டு கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், இன்னொரு கை அந்த வண்டின் சாப்பாட்டில் மருந்து கலந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் விவசாயிக்கு நல்லது செய்யத்தான் நீண்டன. இதில் வில்லன் யாரும் இல்லை. மருந்தின் கணக்கை மாட்டின் வாலோடு முடித்துவிட்டோம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இதே தவறுக்கு நாம் கொடுத்த விலை தெரியும். மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006ல் மாட்டுக்கு அதைத் தடை செய்தபோது பெரும்பாலான கழுகுகள் போய்விட்டிருந்தன. கழுகு பெரிய பறவை, காணாமல் போனால் கண்ணுக்குத் தெரியும். வண்டு காணாமல் போனால் யார் எண்ணுவது?

ஐவர்மெக்டின் நம் ஊர்க் கால்நடை மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மாடு வைத்திருக்கும் நண்பர்களே, மருந்து போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தானாக வாங்கிப் போடாதீர்கள். சாணத்தைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப் புழு மட்டும்தான் பிரச்சினை என்றால், ஃபென்பென்டசோல், லெவாமிசோல் போன்றவை வண்டுக்கு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவைப்படாத மாட்டுக்குப் போடாமல் இருந்தாலே பாதி வண்டு பிழைக்கும்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறானோ. தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உன் கேள்விக்குப் பதில் இதுதான். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.

உங்கள் ஊரில் இந்த வண்டுக்கு என்ன பெயர்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.